கட்டைவிரல் இல்லாத படம்

பாய்,

அந்தக் கால் கட்டைவிரலை மறுபடியும் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது தப்பு. அது இல்லாமல் போன இடத்தைப் பார்த்தேன்.

போன வாரம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். மலருக்கு என்னைச் சும்மா உட்காரவிடப் பிடிக்காது. “அப்பா, உங்க டைரக்டருக்குப் பெரிய கண்காட்சி வெச்சிருக்காங்க, சட்டைய மாத்துங்க” என்றாள். உங்க டைரக்டர் என்கிறாள், ஏதோ நானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் மாதிரி. நம் இருவருக்குள்ளே அவருக்கு ஒரே பெயர்தான், பெரியவர். இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

கண்காட்சி என்றால் நாம் வைத்தது மாதிரி இல்லை பாய். உள்ளே ஐஸ் கம்பெனி மாதிரி குளிர். சுவரே பேசுகிறது. ஒரு அறையில் அவர் படத்து மழைச் சத்தம் நாலு பக்கமும் கேட்கிறது, ஆனால் தலை நனையவில்லை. அவர் கையால் வரைந்த நோட்டுப் புத்தகம் கண்ணாடிக்குள் தானாகப் பக்கம் திரும்புகிறது. கால் வலிக்கிறதே என்று ஒரு சுவரில் கையை ஊன்றினேன். பெரியவர் முகம் பெரிதாக வந்து என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டது. “மன்னிச்சிக்கோங்க சார்” என்று கையை எடுத்துவிட்டேன். மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த அறையில்தான் பழைய புகைப்படங்கள். ஆறாவதோ ஏழாவதோ, அதன் முன்னால் என் கால் நின்றுவிட்டது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் ஒரு முட்டி போட்டு, இரண்டு கை விரல்களாலும் சதுரமாகச் சட்டம் பிடித்து அதற்குள் எதையோ பார்க்கிறார் பெரியவர். இடது கால் முன்னால் நீண்டிருக்கிறது. அதில் நாலு விரல்தான். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை. அந்த மூலை மட்டும் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது.

அங்கே விளக்கம் சொல்ல ஒரு பெண் நின்றிருந்தாள். நான் ரொம்ப நேரம் குனிந்து பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தாள். “அது காலப்போக்குல ஆன சேதம் சார். சரி பண்ணாம அப்படியே வெச்சிருக்கோம். காலத்தோட தடம்” என்றாள்.

காலம் பாவம் பாய். அது ஒன்றும் செய்யவில்லை. செய்தது யார் என்று அன்றைக்குக் கூட நின்றவர்களுக்குத்தான் தெரியும். நீ போய் நாலு வருடமாகிறது. ஆக, இப்போது அதைச் சொல்ல வேண்டியவன் நான் மட்டும்தான்.

*

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் நம் டேனரியில் நீ லேபில் இருந்தாய், நான் பேஸ்டிங்கில் மேஸ்திரி. நீ வேதியியல் பட்டம் வாங்கியவன். நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் ஒரே மதிப்பெண் வாங்கியவன். அதையும் நீ விடவில்லை. “இதுல ஒரு ஒழுங்கு இருக்குது மேஸ்திரி, லேப்ல கூட இப்படி ஒரே ரிசல்ட்டு வராது” என்பாய்.

நீ மெட்ராஸுக்குக் கெமிக்கல் வாங்கப் போவாய். கெமிக்கல் காலையிலேயே கிடைத்துவிடும், நீ மட்டும் மறுநாள் வருவாய். அங்கே ஒரு திரைப்படச் சங்கம், அதில் உனக்குத் தோஸ்துகள். அப்படிப் போன ஒரு முறைதான் பெரியவரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாய். கேன்டீனில் டீயை ஆறவிட்டுக் கதை சொன்னாய். எனக்கு ஒரு இடம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. படத்தில் ஒரு ஆள் பிய்ந்த செருப்பைத் தைக்கிறானாம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அவன் தைத்து முடிக்கிறவரை கேமரா அவன் கையை விட்டு நகரவில்லையாம்.

“நம்ம வேலைய எவனாவது சேந்தாப்ல ரெண்டு நிமிஷம் பாத்திருக்கானா மேஸ்திரி?” என்று கேட்டாய்.

“எங்க பாய், பாக்கறதுக்குள்ள மூக்க பொத்திக்கினு ஓடிடறானுங்களே” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணியிருப்பாய் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து வந்தபோது உன் கையில் தகரக்குழாய் ஒன்று. அதில் பெரியவரின் புகைப்படங்கள் இருபத்துநாலு, மற்றக் கையில் ஒரு டப்பா ஸ்லைடு. சங்கத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தாய்.

“கண்காட்சி வெக்கறோம். நம்ம ஆளுங்களுக்கு” என்றாய். “இது பத்திரமா திரும்பிப் போச்சுன்னா மாசம் ஒரு படம் ஆம்பூருக்கு அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. ரீலு, ப்ரொஜெக்டர் எல்லாம். ஒரு படம் கெட்டுதுன்னா அவ்ளோதான். இதுக்குக் காப்பி கிடையாதாம். தோல்காரனுங்க கைல குடுத்தா இப்படித்தான் ஆவும்னு அங்க ஒருத்தர் முன்னாடியே சொல்லிக்கினு இருக்காரு.”

அந்த ஒருத்தரின் வாய்க்கு வேலை வைக்கக் கூடாது என்பதுதான் உன் வைராக்கியம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, தகரக்குழாயையும் என்னிடமே கொடுத்துவிட்டு, ஸ்லைடு ப்ரொஜெக்டர் வாங்கிவரப் பாகாயத்தில் இருக்கும் உன் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினாய். போகும்போது ஒரே ஒரு கவலைதான் சொன்னாய். “எல்லாம் சுருண்டுக்கினு இருக்குது. அட்டைல நிக்குமான்னு தெரில.”

நீ அதைச் சொல்லாமல் போயிருக்கலாம் பாய்.

ஏனென்றால் சுருண்டதை நிமிர்த்துவதுதான் என் வேலை. ஈரத்தோல் சுருங்கும், சுருளும். பேஸ்டிங்கில் என்ன செய்கிறோம்? ஆள் உயரக் கண்ணாடித் தட்டில் பசை தடவி, தோலை விரித்து ஒட்டி, தேய்த்துக் காற்றை வெளியே தள்ளிக் காயவிடுகிறோம். காய்ந்ததும் தோல் தானாக விட்டுக்கொண்டு வரும். ஒரு சுருக்கம் இருக்காது. இதைப் பதினோரு வருடமாகச் செய்கிற எனக்கு, சுருண்டு கிடந்த பெரியவரைப் பார்த்ததும் கை பரபரத்தது. நீ வருவதற்குள் எல்லாவற்றையும் பலகை மாதிரி நிமிர்த்தி வைத்து உன்னை அசத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் ஒரு தட்டை நன்றாகக் கழுவினேன். புதுப் பசை கலக்கினேன். ஒன்பது படங்களை ஒட்டினேன். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். தோலைக் காயவைக்கிற சூட்டறைக்குள் தள்ளவில்லை, அந்த அளவுக்குப் படித்திருக்கிறேன். நிழலில் சாத்திவைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தோலில் மயிர் இருந்த பக்கம்தான் முகம். அந்த முகம் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், அப்போதுதான் வழவழப்பு வரும். இது பேஸ்டிங்கில் முதல் நாள் சொல்லித்தருவது. அதனால் பெரியவரையும் அப்படியே ஒட்டினேன். முகம் கண்ணாடிக்கு. பசை முகத்துக்கு.

*

சனிக்கிழமை காலை முதலில் பார்த்தது கன்னியம்மா. தோல் ஓரம் வெட்டுகிற டிரிம்மிங் பகுதியில் அவளுக்கு நிகரான கையும் கிடையாது, வாயும் கிடையாது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

“இன்னா மேஸ்திரிண்ணா, ஆளுங்கள கண்ணாடில ஒட்டிக் காய வெச்சிருக்க? இன்னா தப்பு பண்ணானுங்க?”

தட்டின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒன்பது பெரியவர்கள், ஏரித் தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்கள் மாதிரி என்னைப் பார்த்தார்கள். பெருமையாக இந்தப் பக்கம் வந்து ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. இன்னொரு மூலை. வரவில்லை. தோலென்றால் இந்நேரம் தானாகக் கழன்று தொங்கியிருக்க வேண்டும். நகம்தான் உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்காட்சி. பள்ளிக்கூடத்து ஹாலைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

“பாய் வந்தா இன்னா சொல்வ?” என்றாள் கன்னியம்மா.

“அதான் ரோசன பண்றேன்.”

“நீ ரோசன பண்ணித்தான இது ஆச்சு. வேணா, சும்மா இரு.”

பதினோரு மணிக்கு நீ வந்தாய். தோளில் ப்ரொஜெக்டர் பெட்டி, முகத்தில் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்தாய். தட்டைப் பார்த்தாய். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாய். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாய். எனக்கு அந்த நேரம் நீ இரண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம் ஒட்டின?”

“முகத்த கண்ணாடிக்கு.”

“ஏன்?”

“எப்பவும் அப்படித்தான பாய்.”

படிகார மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாய். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, அதைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“இது தப்பு இல்ல மேஸ்திரி, பழக்கம். தப்புன்னா திட்டலாம். பழக்கத்த இன்னா பண்றது?”

அந்த வார்த்தையை நான் இன்றுவரை கெட்டியாகப் பிடித்திருக்கிறேன். மலர் பத்தாவது படிக்கும்போது பாலைப் பொங்கவிட்டுவிட்டுப் புத்தகத்தோடு நின்றாள். அவள் அம்மா கையை ஓங்கியபோது, “அடிக்காத, அது தப்பு இல்ல, பழக்கம்” என்றேன். “அப்போ உங்களத்தான் அடிக்கணும், உங்க பழக்கம்தான் அதுக்கு வந்திருக்குது” என்றாள் அவள் அம்மா. எல்லா வீட்டிலும் எல்லா வார்த்தையும் செல்லுபடியாவதில்லை.

நீ திடீரென்று எழுந்து தட்டின் பக்கம் போனாய். ஒரு படத்தின் ஓரத்தில் நாக்கால் ஈரம் தொட்டு வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தாய். உன் முகம் மாறியது.

“போட்டோவோட முகத்துல இருக்கறது இன்னான்னு தெரியுமா மேஸ்திரி? ஜெலட்டின்.”

“அப்படின்னா?”

“நம்ம சவ்வு! சுண்ணாம்புத் தொட்டில ஊற வெச்ச தோல்ல இருந்து சீவித் தள்றோமே சவ்வு, கழிவுன்னு லாரில ஏத்தறோமே, அத வேக வெச்சி எடுக்கறாங்க. எலும்புல இருந்தும் எடுப்பாங்க. அந்தப் பசையிலதான் வெள்ளி உப்பக் கலந்து பேப்பர் மேல பூசறாங்க. சினிமா பிலிம் மேலயும் அதான். பெரியவர் கண்ணாடில ஒட்டல. தோலுதான் கண்ணாடில ஒட்டியிருக்குது!”

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம்: பாய்க்கு வெயில் தலைக்கேறிவிட்டதா?

“தோலுன்னா நமக்குத் தெரியாதா?” என்றாய். “ஊற வெச்சா விடும். ஆனா மே மாசம். பைப்புத் தண்ணியே கொதிக்குது. சூட்டுல ஜெலட்டின் கரைஞ்சி மூஞ்சியே ஓடிடும். ஐஸ் வேணும். அப்புறம் இது.” நீ உட்கார்ந்திருந்த மூட்டையைக் காலால் தட்டினாய். “படிகாரம். தோல இறுக்கறது எது? படிகாரம்தான? இதுவும் தோலு. சொன்னா கேக்கும்.”

கன்னியம்மாவின் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் வேலை. அவள் போய் அரைமணியில் இரண்டு பாளம் ஐஸை மரத்தூளும் கோணியுமாகச் சுற்றிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தாள். “இன்னாத்துக்குன்னு கேட்டாரு. மேஸ்திரிக்கு ஜுரம், தலைல வெக்கணும்னு சொல்லிட்டேன். ரெண்டு பாளம் வெக்கற தலையான்னாரு” என்றாள்.

சாயம் போடுவதற்கு முன் தோல் ஊறப்போடுகிற பெரிய சிமென்ட் தொட்டி ஒன்றைக் கழுவினோம். தண்ணீர், ஐஸ், நீ தராசில் நிறுத்துப் போட்ட படிகாரம். கண்ணாடித் தட்டை நாலு பேர் பிடித்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளே இறக்கினோம். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் எல்லாம் தட்டோடு வந்து தொட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“எடுக்கலாமா பாய்?”

“ஊறட்டும்.”

“இப்ப?”

“ஊறட்டும்னு சொன்னேன்ல. பேஜார் பண்ணாத.”

ஒன்றரை மணிநேரம். உன் கை முழங்கைவரை ஐஸ் தண்ணீருக்குள் இருந்தது. அவ்வப்போது எடுத்து அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாய். பிறகு முதல் படத்தின் கீழே விரலை மெல்ல விட்டாய். ஒரு குமிழ் வந்தது. இன்னொரு குமிழ். படம் மூச்சு விடுகிற மாதிரி எழும்பி, தண்ணீரில் தனியாக மிதந்து வந்தது. ஒரு கீறல் இல்லை. கன்னியம்மா குலவையே போட்டுவிட்டாள்.

இரண்டு, மூன்று, நாலு. எட்டுப் படங்கள் எட்டுப் பிள்ளைகள் மாதிரி வந்தன. துவைத்த துணி மாதிரி கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.

ஒன்பதாவதில் ஒரு மூலை விடவில்லை. சேற்றில் முட்டி போட்ட பெரியவர்.

“கடைசி நான் எடுக்கறேன் பாய்” என்றேன்.

“இன்னும் ஊறல. கொஞ்சம் விடு.”

“அவ்ளோதான், வந்துட்டுது, இதோ...”

இழுத்துவிட்டேன்.

சத்தம்கூட வரவில்லை பாய். படம் என் கைக்கு வந்தது. கட்டைவிரல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. நீ அதைப் பிரிக்க எவ்வளவோ பார்த்தாய். அது நூல்நூலாகத் தண்ணீரில் கலைந்து போனது. சுற்றி நின்றவர்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் தொட்டியோரம் நின்றிருந்தேன். ஒன்பது படத்தையும் கண்ணாடியில் ஒட்டியது பழக்கம், சரி. ஒன்பதாவதில் மூலையைப் பிய்த்தது பழக்கம் இல்லை. அவசரம். அதாவது, தப்பு. அதற்கு நீ திட்டியிருக்கலாம்.

நீ சொன்னது இவ்வளவுதான். “நாளைக்கு இத நடுவுல மாட்டு. கண்ணு கைக்குத்தான் போவும், காலுக்குப் போவாது.”

*

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நீ டேப்பில் உன் குரலில் பெரியவர் கதையைப் பேசிப் பதிந்திருந்தாய். ஸ்லைடு மாற்ற வேண்டிய இடத்தில் டம்ளரில் ஸ்பூனால் ‘டிங்’. டிங் கேட்டால் நான் பட்டனை அமுக்க வேண்டும். மூன்றாவது டிங்கில் நான் கன்னியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எல்லாம் ஒன்று பின்னால். “ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்தார்” என்று உன் குரல் சொல்கிறது, திரையில் சுருட்டோடு நரைத்த தலை. “இது அவருடைய மனைவி” என்கிறாய், திரையில் கேமரா. ஹால் அதிர்ந்தது. நீ வந்து என் காதைத் திருகாத குறையாக ஒன்றைத் தள்ளிவிட்டுச் சரிசெய்தாய்.

வாசல் பக்கம் நீ ஒரு மேஜை போட்டிருந்தாயே, அதுதான் எனக்கு அந்த நாளில் பெரிது. முதல் நாள் ராத்திரிதான் அது உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு பாட்டிலில் நம் சுண்ணாம்புத் தொட்டிச் சவ்வு. பக்கத்தில் லேபிலிருந்து எடுத்த ஜெலட்டின் தகடு, கண்ணாடி மாதிரி. அதற்குப் பக்கத்தில் ஒரு முழம் சினிமா பிலிம். மூன்றையும் வரிசையாக வைத்து, ‘இதுதான் இதுவாகி இதுவாகிறது’ என்று அட்டையில் எழுதியிருந்தாய்.

நம் ஆட்கள் புகைப்படங்களை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மேஜைக்கு மூன்று சுற்று வந்தார்கள். அதிலும் கன்னியம்மா நகரவே இல்லை.

“நெசமாவா பாய்? அப்ப இது நம்ம சீவற சவ்வா?”

“நெசம்தான்.”

அவள் இடுப்பில் கை வைத்து, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “தியேட்டர்ல நம்ம பக்கத்துல உக்காந்தா மூக்க பொத்திக்கினு எழுந்து போறாங்களே, அவுங்க மூணு மணி நேரம் வாயப் பொளந்து பாக்கறதே நம்ம சவ்வத்தானா!”

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது பாய். அதற்கு முன்னால் நம் ஆட்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மலருக்கு அப்போது ஆறு வயது, என் தோள்மேல் இருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவளும் கைதட்டினாள். பிறகு எல்லோரும் மறுபடி புகைப்படங்கள் பக்கம் போய், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிற மாதிரி.

நீ அந்த மேஜை போட்டதற்குக் காரணம் என் பசைதான் என்று பிறகு நீயே சொல்வாய். “நீ மட்டும் ஒழுங்கா ஒட்டியிருந்தா எனக்கு இது ஞாபகமே வந்திருக்காது மேஸ்திரி.” அப்படிச் சொல்லிச் சொல்லியே என் குற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமையாக்கினாய்.

ஆனால் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டிய செவ்வாய்க்கிழமை வந்ததே. நானும் வருகிறேன், நானே ஒப்புக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லியிருந்தேன். விடியற்காலை ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற நேரத்தில் எனக்கு ஜுரம் வந்துவிட்டது. கன்னியம்மா ஐஸ் கம்பெனியில் சொன்ன அதே ஜுரம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து இருந்தது. “ஆமா, ஜாஸ்தியாத்தான் இருக்குது, படுத்துக்க” என்று போர்வையை இழுத்துவிட்டுத் தனியாகப் போனாய்.

மறுநாள் கேன்டீனில் பிடித்தேன்.

“இன்னா பாய் சொன்னாங்க?”

“டீ குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“பிஸ்கட் குடுத்தாங்க.”

“கட்டைவெரலு?”

“அத யாரு பாத்தா? கண்ணு கைக்குத்தான் போவும்னு சொன்னேன்ல.”

நம்பினேன் பாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த மாதம் முதல் ரீல்பெட்டி வந்தது. எண்பதுகள் முடிகிறவரை மாதம் ஒன்று வந்துகொண்டிருந்தது. செருப்புத் தைக்கிறவன் படமும் வந்தது. அந்த இரண்டு நிமிடம் ஓடியபோது ஹாலில் ஒருவரும் இருமக்கூட இல்லை. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

சென்னைக்கு வருகிறேன். படத்தை விட்டு நகர்ந்து, “போலாம்மா” என்று திரும்பினேன். மலர் அடுத்திருந்த கண்ணாடிப் பேழைக்குள் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் திரைப்படச் சங்கத்துக்கு வந்த கடிதங்களாம். “அப்பா, ஆம்பூர்னு போட்டிருக்குது” என்றாள்.

உன் கையெழுத்து. தோல் சுற்றும் டிரம்மில் தொங்கும் சீட்டில் தினமும் பார்த்த அதே சாய்ந்த எழுத்து. இங்கிலீஷ் தெரிந்த நீ தமிழில் எழுதியிருந்தாய். கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, எழுத்து நனைந்த மாதிரி ஆடியது. மலர்தான் படித்துக் காட்டினாள்.

“ஐயா, தாங்கள் நம்பிக் கொடுத்த படங்களில் ஒன்பதை என் கவனக்குறைவால் நான் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். எட்டை மீட்டோம். ஒன்றில் நான் அவசரப்பட்டு இழுத்ததால் ஒரு மூலை போய்விட்டது. குற்றம் முழுவதும் என்னுடையது. இங்குள்ள தொழிலாளர்கள்தான் வேலை நேரத்தை விட்டுவந்து மற்ற படங்களைக் காப்பாற்றினார்கள். அவர்களைப் போல் பொறுமையான கையை நான் பார்த்ததில்லை. எனக்கு இனி எதையும் தர வேண்டாம். ஆனால் ஆம்பூருக்குப் படம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம்.”

பொறுமையான கை! பாய், நீ கெமிஸ்ட் இல்லை, பெரிய பொய்யன்.

டீயும் பிஸ்கட்டும் எந்த நேரத்தில் வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ நின்றுகொண்டு சொல்லியிருப்பாய். தோல்காரர்களைப் பற்றி முன்பே சொல்லிவைத்த அந்த ஒருத்தரும் அங்கே இருந்திருப்பார். உன்னைத்தான் பார்த்திருப்பார், என்னை இல்லை. பிறகு இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு நாள்கூட உன் வாயில் இது வரவில்லை. கோபம் வந்த நாளில்கூட.

“யாருப்பா இவரு? உங்க பாயா?” என்றாள் மலர்.

“அவருதான். ஆனா ஒட்டினது அவரு இல்ல. இழுத்ததும் அவரு இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். பாலைப் பொங்கவிட்ட அன்று நான் அவளைப் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

வெளியே வருகிற வழியில் பார்வையாளர்கள் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி. நோட்டுப் புத்தகம் இல்லை, அதுவும் கண்ணாடிதான், தொட்டால் எழுதுகிறது. என் விரலுக்கு அது பணியவில்லை. தேய்ந்த விரல் பாய், பசையிலேயே ரேகை போய்விட்டது. மலரை எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

“ஆம்பூர்க் கடிதத்தில் இருப்பது உண்மை இல்லை. படங்களை ஒட்டியவன் நான். மூலையைப் பிய்த்தவனும் நான். எழுதியவர் அவற்றைக் காப்பாற்றியவர். அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும், ஜுரம் என்று படுத்துவிட்டேன். ஜுரம் இல்லை.”

பெயர் கேட்டது, சொன்னேன். தொழில் கேட்டது. ஓய்வு என்று மலர் தட்டப் போனாள். “இல்லம்மா, பேஸ்டிங் மேஸ்திரின்னு போடு” என்றேன். விளக்கம் சொன்ன அந்தப் பெண் பின்னாலிருந்து எட்டிப் படித்துவிட்டு, “சார், அப்போ நாங்க சொல்றத மாத்தணுமே” என்றாள்.

“மாத்துங்கம்மா. காலத்து மேல பழி போடாதீங்க.”

நாற்பது வருடம் தாமதமாக மெட்ராஸ் வந்து சேர்ந்தேன் பாய். டீ கொடுக்கவில்லை. பரவாயில்லை.

ஊருக்கு வந்து பீரோவில் இருந்த பழைய படங்களை எடுத்தேன். உன்னோடு எடுத்துக்கொண்டது ஒன்றுதான் இருக்கிறது, அந்த ஞாயிற்றுக்கிழமை ஹால் வாசலில், கன்னியம்மா நடுவில் சிரிக்க. அதற்குச் சட்டம் போடலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடியை வைத்து, படத்தை வாங்கக் கையை நீட்டினார். நான் உடனே கொடுக்கவில்லை. முகம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்தேன். கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் ஓரமாக ஒரு அட்டையை வைக்கச் சொன்னேன், ஒட்டாமல் இருக்க.

“அவசரமா சார்?” என்று கேட்டார்.

“இல்லப்பா” என்றேன். “பொறுமையா பண்ணு.”